வேலையின்போது விபத்து: நட்டஈடு எதற்கு உண்டு, எதற்கு இல்லை

மில்லில் மெஷினுக்குள் கை போனால் நட்டஈடு உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தேத்தண்ணி நேரத்தில் வழுக்கி விழுந்தாலும் உண்டா, வேலைக்கு வரும் வழியில் அடிபட்டாலும் உண்டா என்பதில்தான் தகராறு.

இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இரண்டு விடயங்களைப் பார்க்கிறது. விபத்து வேலையின்போது நடந்ததா? வேலையின் காரணமாக நடந்ததா? இரண்டும் வேண்டும். சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் மூட்டை அடுக்கு சரிந்து கால் முறிந்தால் இரண்டும் பொருந்தும். அதே ஆளை வெளியிலிருந்து வந்த ஒருவர் காணிப் பிரச்சினைக்காக ஆலைக்குள் வைத்தே அடித்தால், நேரமும் இடமும் சரிதான், காரணம் வேலையல்ல. தண்ணீர் குடிக்கவோ மலசலகூடத்துக்கோ போவதும், ஆலை வளவுக்குள் சாப்பிடுவதும் வேலையைத் துண்டிப்பதில்லை. முதலாளி லொறியோடு அக்கரைப்பற்றுக்கு அனுப்பினால் அந்தப் பயணமும் வேலைதான். நடுவில் சொந்த அலுவலுக்கு வேறு பாதையில் திரும்பினால், அந்தப் பகுதியில் நடப்பதைக் கோருவது கடினம்.

வீட்டிலிருந்து வேலைக்கு வருவதும் வேலை முடிந்து திரும்புவதும் முன்பு பெரும்பாலும் இதற்குள் வராது. 2022இல் வந்த திருத்தம் அதையும் சேர்த்தது. களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருபவருக்கு இது பெரிய மாற்றம். உச்சத் தொகையும் 5,50,000 ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்தது.

முதலாளியின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையாளின் சாதாரண கவனயீனமும் உரிமையைக் கெடுக்காது. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவற்றால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி தப்பலாம். மரணம் நேர்ந்தால் அந்தச் சாட்டு எடுபடாது.

கோரிக்கைகள் பல விழுவது ஆஸ்பத்திரியில்தான். முதலாளிக்குப் பொலிஸ் தொல்லை வேண்டாமென்று “வீட்டில் விழுந்தேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். அனுமதிக் குறிப்பில் அது ஏறியபின் எந்தச் சாட்சியும் அதை இலேசில் அழிக்காது. எங்கே, எந்த வேலையில் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். விபத்தை முதலாளிக்கு எழுத்தில் உடனே அறிவியுங்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் வைத்திருங்கள். சம்பளச் சீட்டோ ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கமோ இருந்தால் வேலை உறவைக் காட்ட அது போதிய பலம். இல்லாவிட்டால் கூட வேலை செய்தவர்களின் சாட்சி.

கோரிக்கை போக வேண்டியது வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு, இரண்டு வருடத்துக்குள். முதலாளி “பார்த்துத் தருவேன்” என்று இழுத்தடிப்பதில் கரைவது இந்தக் காலம்தான். “இனி எதுவும் கோரமாட்டேன்” என்று வாங்கும் கையெழுத்து, சட்டம் தரும் உரிமையைப் பறிக்காது. ஆனாலும் வெள்ளைத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

மரணத்துக்கான நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடமே வைப்பிலிட வேண்டும். தங்கி வாழ்ந்தவர்களுக்குள் அதைப் பங்கிடுவது ஆணையாளரின் வேலை. செத்த வீட்டில் முதலாளி கொடுத்துவிட்டுப் போகும் காசு அந்த நட்டஈடு ஆகாது.