மலையில்லாத முனை

கோடியக்கரையில் ராமர் பாதம் என்றொரு மணல்மேடு இருக்கிறது. சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர். ஏறி நின்றால் (ஏறி என்பதே கொஞ்சம் அதிகம்தான்) காட்டு மரங்களின் தலைதான் தெரியும். ஆனால் கடலோடிகளுக்கு இது பெரிய முனை. வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கரை இங்கே சட்டென்று மேற்கே மடங்குகிறது.

கரையை வலப்பக்கம் வைத்துத் தெற்கே வரும் கப்பல் இந்த மடக்கைத் தவறவிடக் கூடாது. தெற்கே 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் யாழ்ப்பாணக் கரை. மேற்கே திரும்பினால் ஆழமில்லாத பாக் நீரிணை, அதைத் தாண்டினால் ராமர் பாலத்து மணல்திட்டுகள். பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிப் போவது அதனால்தான்.

கன்னியாகுமரி போன்ற பாறை முனையில் அலைகள் வளைந்து வந்து மோதும். மண் கரைந்துபோகும், கெட்டிப்பாறை நீட்டிக்கொண்டு நிற்கும். இங்கே கதை தலைகீழ். ஆறு கொண்டுவந்த வண்டலும், வடகிழக்குப் பருவக்காற்றின் அலைகள் கரையோரமாகத் தெற்கே தள்ளிய மணலும் சேர்ந்து உண்டான நிலம் இது. முனைக்கு உட்புறம் அலை அடங்கிவிடுவதால் சேறு படிகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக்காடு அந்தச் சேற்றில்தான் நிற்கிறது.

சரி, இவ்வளவு தாழ்ந்த கரை கடலிலிருந்து எப்படித் தெரியும்? பூமி உருண்டை என்பதால் தூரத்துக் கரை அடியிலிருந்து மறைந்துகொண்டே வரும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 4 மீட்டர் மேட்டுக்கு 7. தோணியில் நிற்பவரின் கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு 5. இரண்டையும் கூட்டினால் 12 கி.மீ., அதுவும் வானம் தெளிவாக இருந்தால். நாகூர் தர்காவின் பெரிய மினாரா ஏறக்குறைய 40 மீட்டர் உயரம். அதே தோணிக்காரருக்கு அது 27 கி.மீ. தள்ளியே தலைகாட்டும்!

ஆக, டெல்டாவில் மலையின் வேலையைக் கட்டடங்கள் பார்த்தன. நாகப்பட்டினத்தில் புதுவெளி கோபுரம் என்றழைக்கப்பட்ட பௌத்தக் கோபுரம் கப்பல்களுக்கு அடையாளமாக இருந்தது. 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். கோடியக்கரையில் சோழர் காலத்தது எனப்படும் கலங்கரை விளக்கத்தின் எச்சத்தை 2004 சுனாமி சிதைத்தது. கலங்கரை என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: கலம், கரை. காக்கை கரைகிறதே, அந்தக் கரைதல்தான். கப்பலைக் கூப்பிடும் விளக்கு.

ஓர் அடையாளம் மட்டும் போதாது. முன்னால் ஒரு பனை, பின்னால் ஒரு கோபுரம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் படகு அந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது. வேறு பக்கம் இன்னொரு ஜோடி சேர்ந்தால் இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் படகு நிற்குமிடம். இரவில் இதுவும் உதவாது. அப்போது ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவார்கள். குண்டின் அடிக்குழியில் கொழுப்பு அப்பியிருக்கும். மேலே இழுத்ததும் அதில் ஒட்டியிருப்பது மணலா, சேறா, சிப்பித்தூளா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள்.