கண்புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

“இன்னும் கொஞ்சம் முத்தட்டும்ப்பா, அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கிறேன்.” காரைக்குடிப் பக்கம் ஆச்சிகள் சொல்லக் கேட்டுப் பழகிய பேச்சு இது. கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வழக்கம் வராத காலத்துக் கணக்கு. இப்போது பார்வை மங்கி அன்றாட வேலை தடைப்பட்டாலே அறுவை செய்துகொள்ளலாம். ரொம்பவும் முற்றவிட்டால்தான் சிக்கல் கூடும்.

சரி, செலவு? 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் அறுவையும் லென்ஸும் இலவசம். திட்டத்தோடு இணைந்த தொண்டு நிறுவன முகாம்களிலும் அப்படியே. வெள்ளெழுத்து (வயதானால் கிட்டத்துப் பார்வை மங்குவது) உள்ள முதியோருக்கு இலவசக் கண்ணாடிக்கும் இதில் இடமுண்டு. காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரியுங்கள். வரிசையில் நிற்க முடியாதே என்று தயங்க வேண்டாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம், 2007-இன் 20-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனைகளில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. வாய்திறந்து கேட்டால்தான் நடக்கும், அது வேறு கதை.

போகும்போது ஆதாரோடு, சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சிறுநீர் அடைப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஐயாமார் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அவற்றில் சில, அறுவையின்போது கண்பாப்பா சரியாக விரியாமல் செய்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கண் அழுத்த நோயும் பெரும்பாலும் வலியில்லாமல்தான் வரும். அதில் போன பார்வை திரும்பாது.

திட்டம் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. மீதி வீட்டில் இருப்பவர்கள் பாடு. பளபளக்கும் ஆத்தங்குடித் தரையில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் வளவுப் படி (வீட்டு உள்முற்றத்துப் படி) கண்ணுக்குத் தெரியாது; விளிம்பில் பட்டையாக வேறு நிறப் பெயின்ட் அடித்துவிடுங்கள். சொட்டு மருந்து இரண்டு இருந்தால் ஒரு பாட்டிலில் ரப்பர் பேண்டைச் சுற்றி வையுங்கள், தடவிப் பார்த்தே தெரியும். கையைக் கழுவி, பாட்டில் முனை கண்ணில் படாமல் விட்டு, அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுங்கள். அறுவைக்குப் பிறகு வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, கண் சிவந்தாலோ “காலையில் பார்ப்போம்” என்று இருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.