ஆக்ஸிஜன் மானி இல்லங்க, ஆக்ஸிஜன் உணரி

கார் புகைக்குழாய்ல இருக்குற ஆக்ஸிஜன் சென்சார, கார் பத்தி தமிழ்ல வர்ற வீடியோ, கட்டுரை எதுல பாத்தாலும் "ஆக்ஸிஜன் மானி"ன்னே போடுறாங்க, பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன், போன வாரம் எங்க மாமாவும் திருமங்கலத்துலருந்து அதே வார்த்தையச் சொல்லிக்கிட்டு வந்து நின்னாரு, அதான் எழுத உக்காந்துட்டேன்.

சென்சார்ங்கிறது உணர்றதுன்னு பொருள்படுற லத்தீன் சொல்லுலருந்து வந்தது. மண்ண வெட்டுறது மண்வெட்டி, பாக்க வெட்டுறது பாக்குவெட்டி, உணர்றது உணரி. அவ்ளோதான். சென்சார்னே எழுதுனா சினிமா சென்சாரும் இதுவும் ஒரே எழுத்தா வந்து நிக்கும்.

மானி வேற சாதி. மழைமானி, வெப்பமானி எல்லாம் அளந்து எவ்வளவுன்னு சொல்லும். சைலன்சர் பைப்புல மாட்டுற இந்தச் சாமான் அப்படிச் சொல்லாது. உள்ள சிர்கோனியான்னு பீங்கான் மாதிரி ஒரு பொருள், அதுமேல பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் எஞ்சின் புகை, மறுபக்கம் வெளிக்காத்து, ஒரு 300 டிகிரிக்கு மேல சூடேறுனா ரெண்டு பக்க ஆக்ஸிஜனுக்கும் உள்ள வித்தியாசத்துல வோல்ட் பிறக்கும். 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்துங்கிறது கணக்கு. பெட்ரோல் கூடுனா 0.9 வோல்ட் பக்கம் ஏறும், காத்து கூடுனா 0.1 பக்கம் இறங்கும். கூடிருச்சு, குறைஞ்சிருச்சு, இந்த ரெண்டுதான் அதுக்குத் தெரியும், எவ்வளவுன்னு தெரியாது. வைட்பேண்ட்னு ஒரு வகை எவ்வளவுன்னும் சொல்லும், அதுக்கு வேணா மானின்னு வச்சுக்கங்க, சண்டைக்கு வரல.

பேர்ல என்ன இருக்குன்னு கேப்பீங்க. மாமா வண்டியில செக் எஞ்சின் லைட் எரிஞ்சுருக்கு, ஸ்கேனர் போட்டா காத்து அதிகம்னு வந்துருக்கு, "மானி தப்பாக் காட்டுது"ன்னு முடிவு பண்ணி ரெண்டு தடவ புதுசு மாத்திட்டாரு, ஆயிரக்கணக்குல காசு போச்சு, லைட்டு அணையல. பழங்காநத்தத்துல ஒரு மெக்கானிக் அண்ணே பாத்தா, எஞ்சினோட சேந்துருக்குற வேக்கம் ஹோஸ்ங்கிற ரப்பர் குழாய்ல வெடிப்பு. காத்து நெசமாவே உள்ள போயிருக்கு, இது பாவம் உணர்ந்ததச் சொல்லிருக்கு. உணரின்னு மனசுல இருந்தா, எத உணர்ந்துச்சுன்னுதான முதல்ல தேடுவோம்?

கெட்டுப்போறதும் உண்டு, இல்லங்கல. எஞ்சின் ஆயில் எரிஞ்சா அந்தச் சாம்பல், கூலன்ட் கசிஞ்சு உள்ள போறது, ஒத்துக்காத சிலிகான் பேஸ்ட்டத் தடவுனா அதோட ஆவி, எல்லாம் பிளாட்டினத்து மேல படிஞ்சு போயி வோல்ட் மெதுவாத்தான் மாறும். உணரியச் சூடாக்குற ஹீட்டர் கம்பி அந்துபோறது தனிக்கதை. படிஞ்சு போனதுக்கு அந்த அண்ணே சொன்ன வார்த்தை, "மரத்துப்போச்சு". மானி எங்கயாவது மரத்துப்போகுமா? உணர்ற பொருளுதான மரத்துப்போகும்! படிக்காத மொழிபெயர்ப்பு, கை வச்ச வேலையில தானா வந்துருச்சு. அகராதியப் பாத்துச் சொல்லு கட்டுறவங்க ஒருநாள் ஒர்க்ஷாப்புல போயி நிக்கட்டும்.

ஆக்ஸிஜன உயிர்வளின்னு ஆக்கி "உயிர்வளிமானி"ன்னும் சிலர் எழுதுறாங்க. மூச்சு பத்திப் பேசுறப்ப உயிர்வளி அழகான சொல்லு, நானே சொல்லுவேன். புகைக்குழாய்க்குள்ள அது வேணாங்க, ஆக்ஸிஜன் உணரின்னு எழுதுங்க, மாமாவுக்கும் புரியும், மெக்கானிக்குக்கும் புரியும்.