பொம்மை அடுப்பும் சுடும்

தீக்காயப் பிரிவில் வேலை என்பதால் சூடுபட்ட குழந்தைக் கைகள் எனக்குப் புதிதல்ல. வெந்நீர், டீ, இஸ்திரிப் பெட்டி, தீபாவளி வந்தால் கம்பி மத்தாப்பு. பொம்மை அடுப்பில் சுட்டுக்கொண்ட கையை ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். ஆறு வயதுப் பெண். வலது கையில் மூன்று விரல் நுனிகளிலும் கொப்புளம். ஒன்று நடுவில் வெளுத்திருந்தது. மேலே இட்லி மாவு காய்ந்து அப்பிக் கிடந்தது. "பொம்மைதானே டாக்டர், அது எப்படிச் சுடும்?" என்றார் பாட்டி. பிள்ளைக்குக் கவலை வேறு: "கேக்கை வெளிய எடுத்தாச்சாம்மா?"

மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பரிசு அது, குட்டி கேக்கை நிஜமாகவே வேகவைக்கும் கரண்ட் அடுப்பு. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பிளக் பொருந்தவில்லை என்று கடையில் ஒரு அடாப்டர் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரி அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. வோல்டேஜ் ஏறக்குறைய இரட்டிப்பானால் சூட்டுக் கம்பியின் வாட் நான்கு மடங்கை நெருங்கிவிடும். தட்டு உள்ளே சிக்கிக்கொள்ள, பிள்ளை விரலை விட்டு இழுத்திருக்கிறது.

சரி, வோல்டேஜ் சரியாக இருந்தால் பயமில்லையா? இந்தப் பொம்மைகளில் பேர்பெற்ற ஈஸி-பேக் ஓவன் 1963இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் கென்னர் கம்பெனி கொண்டுவந்தது. அதில் சூட்டுக் கம்பியே கிடையாது, இரண்டு 100 வாட் குண்டு பல்புகள்தான். கோழிக்குஞ்சுக் கூண்டில் கதகதப்புக்கு மாட்டுவோமே, அதே ஜாதி. முதல் வருடமே 5 லட்சம் விற்றது. 2006இல் முன்பக்கம் திறக்கும் புது மாடல் வந்தது. அந்தத் திறப்பில் குழந்தைகளின் கை மாட்டிக்கொண்டது. 2007இல் கிட்டத்தட்ட 10 லட்சம் அடுப்புகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஜூலைக்குள் கை, விரல் மாட்டியதாக 249 புகார்கள், 77 தீக்காயங்கள். 5 வயதுச் சிறுமி ஒருத்திக்கு விரலில் ஒரு பகுதியையே எடுக்க வேண்டியதாயிற்று. அங்கே வோல்டேஜ் கோளாறு எதுவும் இல்லை.

மாவு வேக வேண்டுமென்றால் விரலும் வேகிற சூடு வேண்டும். அதைப் பொம்மைக்குள் வைத்தாலும் சூடு சூடுதான். எனக்கு அந்தச் சூட்டைவிட 'பொம்மை' என்ற பெயர்தான் பயம். கேஸ் அடுப்புப் பக்கம் பிள்ளையை அண்டவிடாத அதே வீட்டில், அன்று பெரியவர்கள் எல்லாரும் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேக்கிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மகளுக்கு நாலு வயதிலேயே பழுத்த வாழைப்பழத்தையும் முள்கரண்டியையும் கொடுத்துவிட்டேன். மைதா சலிப்பதும் அவள் வேலை. பாதி தரையில்தான் விழும். கிண்ணத்தை வழித்து நக்காதே, பச்சை முட்டையில் மட்டுமல்ல, பச்சை மாவிலும் கிருமி இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் கத்துகிறேன். பலன் சுமார்தான். கேக் வேகும் ஓடிஜி (கரண்ட் ஓவன்) மேடையில் உள்ளே தள்ளி இருக்கும். ஸ்டூலில் வைத்தால் அந்தக் கண்ணாடிக் கதவு சரியாகப் பிள்ளையின் முகத்துக்கு நேரே வரும். வெளிப்புறமும் நன்றாகச் சுடும். தரையில் கோலமாவால் ஒரு கோடு. ஸ்விட்சைப் போட்ட பிறகு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் அவள் இடம். தட்டை எடுப்பது நான். எட்டு வயதுக்கு அப்புறம், நான் பக்கத்தில் நிற்க, அவளே எடுக்கட்டும்.

சுட்டுவிட்டால் குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கையைக் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். இட்லி மாவு, டூத்பேஸ்ட், பேனா மை எதுவும் பூசாதீர்கள். அதைச் சுரண்டி எடுத்தால்தான் எங்களுக்குக் காயமே தெரியும். பிள்ளைக்கு அது இரண்டாவது வேதனை. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடிக் கூட்டிவாருங்கள். தோல் வெளுத்து, தொட்டால் வலி தெரியவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள், அது ஆழமான காயம். உள்ளங்கைப் பக்கத் தோல் ஆறும்போது சுருங்கி விரலை உள்ளே இழுக்கும். அதனால் அந்தப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் இரவில் விரலை நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட் கட்டினோம்.

கடைசியாக வந்தபோது விரல்கள் நேராக நீண்டன. அந்த அடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பரண்மேல் பத்திரமாக இருக்கிறதாம், அடாப்டரோடு.