சொல் விளக்கம்: மீட்பு

கிறிஸ்தவ வழக்கில் மீட்பு என்பது, பாவத்துக்கு அடிமைப்பட்ட மனிதனைக் கடவுள் தம் இரக்கத்தால் விலைகொடுத்து மறுபடியும் தமக்கு உரியவனாக்கிக்கொள்வதைக் குறிக்கும். விலை, மறுபடியும், உரியவன் என்ற மூன்றும் இந்த வரையறைக்கு இன்றியமையாதவை. அவற்றில் ஒன்று விடுபட்டாலும் சொல், ‘காப்பாற்றுதல்’ என்ற பொதுப்பொருளில் கரைந்துவிடும். ‘இரட்சிப்பு’ என்ற வடசொல்லுக்கு நேரான தமிழே ‘மீட்பு’ என்று பலர் கொள்கிறார்கள். அந்தக் கருத்து பாதிதான் சரி என்பதைச் சொல்லின் வரலாறே காட்டும்.

மீள் என்பது வேர். மீள்கிறான், மீண்டான் என்றால் தானே திரும்பினான் என்று பொருள். மீட்கிறான், மீட்டான் என்றால் இன்னொருவரையோ ஒரு பொருளையோ திரும்பக் கொணர்ந்தான் என்று பொருள். அன்றாடம் நாம் சொல்லும் ‘மீண்டும்’ இதே வேரில் முளைத்தது. அடகு வைத்த நகையை அசலும் வட்டியும் கட்டித் திரும்பப் பெறுவதை மீட்பு என்கிறோம். தவணை கடந்தும் மீட்காத நகை ‘மூழ்கிப்போயிற்று’ என்கிறோம். கடைக்காரரின் பெட்டியில் இருக்கும்போதும் அந்த நகைக்கு உரியவர் வேறொருவர்தான். முன்பே தமக்கு உரியதாக இருந்ததைத்தான் ஒருவர் மீட்க முடியும். புதிதாக வாங்குவதை எவரும் மீட்பு என்பதில்லை. மனிதன் கடவுளின் படைப்பு, எனவே அவருக்கே உரியவன் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் இச்சொல்லுக்கு வேலையே இல்லை.

நம் இலக்கியத்தில் இச்சொல்லுக்கு இன்னும் பழைய இடம் ஒன்று உண்டு. பகைவர் கவர்ந்துசென்ற ஆநிரையைப் பின்தொடர்ந்து பொருது மீட்டுவருவது கரந்தைத் திணை. அப்படிப் போரிட்டு உயிர்விட்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்ற வாய்பாடு காணப்படுகிறது. தொறு என்பது ஆநிரை. பட்டான் என்றால் இறந்தான். மீட்டவன் தான் மீட்டதற்காகவே மாண்டான் என்ற செய்தியை மூன்றே சொற்களில் கல்லில் வெட்டிவைத்த மொழி இது. விவிலியத்தைத் தமிழாக்கியவர்களின் மனத்தில் இக்கற்கள் இருந்தன என்று நான் கூறவில்லை. ஆயினும், அவர்கள் கையாண்ட சொல்லுக்குள் உயிர்கொடுத்து மீட்டல் என்ற வழக்கு முன்பே குடியிருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நன்றியுணர்வு மேலிடுகிறது.

இனி மூலமொழிகளுக்கு வருவோம். எபிரேயத்தில் மீட்பவனைக் குறிக்கும் முதன்மையான சொல் ‘கோயேல்’. வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக அவனுடைய நெருங்கிய உறவினன் அதை மீட்க வேண்டும் என்றும், கடனால் அந்நியனிடம் தன்னையே விற்றுக்கொண்டவனையும் இனத்தான் ஒருவன் மீட்கலாம் என்றும் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் விதிக்கிறது. கோயேல் என்பவன் வெறும் கொடையாளியல்லன். இரத்த உறவால் கடமைப்பட்டவன். ரூத்தின் வரலாறு இச்சட்டம் நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதைக் கண்முன் நிறுத்துகிறது. பெத்லகேமின் நகரவாயிலில், ரூத்தின் மறைந்த மாமனார் எலிமெலேக்கின் உறவினரான போவாஸ் மூப்பர் பத்துப் பேரை அமரவைத்து, தன்னைவிட நெருங்கிய உறவினன் ஒருவனிடம் எலிமெலேக்கின் நிலத்தை மீட்கிறாயா என்று கேட்கிறார். மீட்கிறேன் என்று உடனே ஒப்புக்கொண்ட அவன், நிலத்தோடு மோவாபியப் பெண்ணான ரூத்தையும் ஏற்க வேண்டும் என்று தெரிந்ததும், தன் சொந்த உரிமைச்சொத்து கெட்டுவிடும் என்று சொல்லி விலகி, உரிமையை விட்டதற்கு அடையாளமாகத் தன் காலணியைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். போவாஸ் ஏற்றுக்கொள்கிறார். சட்டப்படி நெருங்கியவன் பின்வாங்கிய இடத்தில், இழப்பு வரினும் வரட்டும் என்று முன்வந்தவரே கோயேல் ஆனார். ஏசாயா நூலின் பிற்பகுதி இதே சொல்லைக் கடவுளுக்கே மீண்டும் மீண்டும் சூட்டுகிறது. ஆண்டவர் தம் மக்களுக்கு உறவுக்காரராக நின்று கடமை ஆற்றுகிறார் என்பதே அதன் உட்பொருள்.

பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த ஒரு சொல் இடத்துக்கு இடம் வெவ்வேறு வடிவம் கொள்கிறது. ரூத் நூலில் ‘சுதந்தரவாளி’, அதாவது உரிமைக்காரன்; கொலையுண்டவனுக்காக நிற்கும் உறவினனைப் பற்றி எண்ணாகமம் பேசுமிடத்தில் பழிவாங்க வேண்டியவன்; யோபு 19:25இல் ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’. மூன்றும் அந்தந்த இடத்துக்குப் பொருந்துவனவே. ஆனால் எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபு தனக்காக ஓர் உறவினர் எழும்புவார் என்று கூவினார் என்பது தமிழ் வாசகருக்கு எளிதில் எட்டுவதில்லை. அதை எடுத்துச்சொல்வது போதகரின் கடமை.

கிரேக்கத்தில் ‘லுட்ரோன்’ என்பது அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகை. அதிலிருந்து வந்தது ‘அப்போலுட்ரோசிஸ்’, அதாவது மீட்பு. இலத்தீன் ‘ரெதெம்ப்சியோ’வும் திரும்ப வாங்குதல் என்றே பொருள்படும். கிரேக்க நாட்டின் டெல்பி நகரில் அடிமைகள் விடுதலை பெற்றதைப் பதிந்த கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துள்ளன. அடிமையை அப்பொல்லோன் தெய்வத்துக்கு விற்றதாக எழுதி விடுவிப்பது அங்கே வழக்கம். பெரும்பாலும் அந்த விலை அடிமை தானே சேர்த்த பணமாகத்தான் இருந்தது. மாற்கு 10:45இல் இயேசு, பலரை மீட்கும் விலையாகத் தம் உயிரைக் கொடுக்க வந்ததாகச் சொல்கிறார். இங்கே அடிமை ஒரு காசும் சேர்க்கவில்லை. கடவுளின் இரக்கம் என்று நாம் சொல்வதன் முழுக் கனமும் இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

அந்த விலை யாருக்குச் செலுத்தப்பட்டது என்ற கேள்வி பழங்காலத்திலேயே எழுந்தது. தீயவனாகிய சாத்தானுக்கு என்று 3ஆம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் ஓரிகன் கருதினார்; அடுத்த நூற்றாண்டில் ஆயர் நசியான்சு கிரகோரியார் அதைக் கடுமையாக மறுத்தார். புதிய ஏற்பாடு பெறுபவர் யார் என்று எங்கும் கூறவில்லை. உவமையை அதற்கு மேல் இழுக்காமல் விடுவதே நல்லது.

மன்னிப்புக்கும் மீட்புக்கும் உள்ள உறவை எபேசியர் 1:7 ‘பாவமன்னிப்பாகிய மீட்பு’ என்று ஒரே மூச்சில் சொல்கிறது. அங்கே மன்னிப்பு என்று பெயர்த்த கிரேக்கச் சொல் ‘அபெசிஸ்’. கட்டவிழ்த்து விடுதல் அதன் பொருள். எபிரேய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் 50ஆம் ஆண்டான யூபிலி ஆண்டின் விடுதலைக்கும் இச்சொல்லே ஆளப்பட்டது. நிலமும் மனிதரும் தத்தம் குடும்பத்துக்குத் திரும்பும் ஆண்டு அது. ஆகவே மன்னிப்பு என்பது தண்டனையைத் தள்ளுபடி செய்வதோடு நின்றுவிடுவதில்லை. மன்னிப்புப் பெற்றவன் தன் வீட்டுக்குத் திரும்பவும் வேண்டும்.

‘இரட்சிப்பு’ வேறு வழியில் வந்தது. காத்தல் என்னும் பொருளுடைய ‘ரக்ஷ்’ என்ற வடமொழி வேர், ரகரம் தமிழில் மொழிமுதலாகாமையால் இகரம் பெற்றது. கிரேக்கத்தில் இதற்கு இணை ‘சோடேரியா’. ஆபத்திலிருந்தும் நோயிலிருந்தும் காப்பதை அது குறிக்கும். விலை என்ற கருத்து அதில் இல்லை. லூக்கா 2:11இல் பழைய மொழிபெயர்ப்பு ‘இரட்சகர்’ என்று சொல்ல, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘மீட்பர்’ என்கிறது. தமிழாக்க வேண்டும் என்ற நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் இரு மூலச்சொற்களும் ஒரே தமிழ்ச்சொல்லில் கலந்துவிட்டன. வெள்ளத்தில் சிக்கியவரைக் காப்பதையும் செய்தித்தாள்கள் மீட்புப்பணி என்று எழுதுவதால் இக்கலப்பு மேலும் இயல்பாகிவிட்டது. சோடேரியாவுக்கு ‘உய்வு’ என்ற சொல் தகும் என்பது என் கருத்து. ‘எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்’ என்ற குறளில் தப்பிப் பிழைத்தல் என்னும் பொருளிலேயே அது நிற்கிறது.

எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. மீட்சி என்பது மீள்பவனின் திரும்புதல். மீட்பு என்பது மீட்பவரின் செயல். மனிதன் மீட்சி பெறுகிறான், கடவுள் மீட்பு அளிக்கிறார் என்று பிரித்து எழுதலாம். மீட்கும் விலைக்கு ‘ஈடு’ அல்லது ‘மீட்புப்பொருள்’ பொருந்தும். மீட்கப்பட்டவன் தன்போக்கில் போக விடப்பட்டவன் என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. ‘கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே’ என்று கொரிந்தியருக்கு எழுதும் பவுல், விடுவிக்கப்பட்டவர்கள் இனித் தங்களுக்குச் சொந்தமல்லர் என்கிறார். திருவாரூர்ப் பதிகத்தில் ‘மீளா அடிமை’ என்று சுந்தரர் இறைவனிடம் தம்மைச் சொல்லிக்கொள்வதைப் படித்த தமிழருக்கு, பவுல் சொல்லும் இந்த உரிமைப்பேறு அந்நியமாகத் தோன்றாது.