வழக்கு ஏன் கைமாறுகிறது?

"ஜட்ஜ் மாறிட்டாங்க, இனிமே முதல்ல இருந்துதான்" என்ற சலிப்பை நீதிமன்ற வளாகங்களில் அடிக்கடி கேட்கலாம். கூடவே, உள்ளே யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்ற சந்தேகமும் வரும். பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருக்காது, ரோஸ்டர் மாறியிருக்கும்.

ஜாமீன் மனுக்கள் யாருக்கு, வரி வழக்குகள் யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கும் பட்டியல்தான் ரோஸ்டர். அதைப் போடும் அதிகாரம் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதிக்கே என்று பிரகாஷ் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. சென்னையில் இந்தப் பட்டியல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். மதுரைக் கிளைக்குப் போகும் நீதிபதிகளும் மாறுவார்கள். வழக்கு எண் அதே, கட்டு அதே, கோர்ட் ஹால் மட்டும் வேறு.

பாதி வாதம் முடிந்த வழக்குதான் தலைவலி. 'பார்ட் ஹெர்ட்', அதாவது பாதி கேட்ட வழக்கு என்று குறித்திருந்தால் பழைய நீதிபதியிடமே தொடர வழி உண்டு. இல்லையென்றால் வக்கீல் மறுபடி வாதாட வேண்டியதுதான். கீழ்க்கோர்ட்டில் பொதுவாக, முன்னவர் பதிவு செய்த சாட்சியத்தை வைத்தே அடுத்தவர் தொடரலாம். ஆனால் குறுக்கு விசாரணையில் சாட்சி தடுமாறி விழித்ததை நேரில் பார்த்தவர் முன்னவர்தான். தாளில் அது முழுசாக ஏறாது.

சில சமயம் நீதிபதியே விலகுவார். 2019 ஜனவரியில் அயோத்தி வழக்கு அமர்விலிருந்து நீதிபதி யு.யு. லலித் விலகினார். வக்கீலாக இருந்தபோது அதோடு தொடர்புடைய வழக்கொன்றில் உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் கல்யாண் சிங்குக்காக ஆஜரானவர் அவர்.

இரண்டு நீதிபதிகள் முரண்பட்டால் மூன்றாமவர் வருவார். அ.தி.மு.க.வின் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்க வழக்கில் 2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி ஒரு பக்கம், நீதிபதி எம். சுந்தர் மறுபக்கம். மூன்றாவதாக முதலில் நியமிக்கப்பட்ட எஸ். விமலாவுக்குப் பதில் எம். சத்தியநாராயணனை உச்ச நீதிமன்றம் அமர்த்தியது. அக்டோபரில் அவர் தகுதிநீக்கம் செல்லும் என்றார்.

சரி, கட்சிக்காரர் தனக்குப் பிடித்த நீதிபதியைத் தேடிப் பிடிக்காமல் இருக்கத்தான் ஒதுக்கீடு தலைமை நீதிபதியின் ஒரே கையில் இருக்கிறது. அந்தக் கையை யார் பார்ப்பது? 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகள் நால்வர் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். ஒதுக்கீட்டை மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்திடம் விடவேண்டும் என்ற மனு அந்த ஜூலையில் தள்ளுபடியானது. இடையில் பிப்ரவரியிலிருந்து, யாருக்கு எந்த வகை வழக்கு என்ற பட்டியலை உச்ச நீதிமன்றம் இணையத்தில் போடத் தொடங்கியிருந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.