ஏஐ குடுக்குற ஃப்ளோ டயகிராம யாரு வரையுறா?

ஒரு ஆப்புக்குள்ள வர்றவங்க எந்த ஸ்க்ரீன்ல ஆரம்பிச்சு, எங்கெங்க எதத் தட்டி, எங்க போய் முடிக்கிறாங்கன்னு பெட்டியும் அம்புக்குறியுமா காட்டுறதுதான் யூசர் ஃப்ளோ டயகிராம். இப்பல்லாம் சாட்ஜிபிடி, கிளாட் மாதிரி ஒண்ணுகிட்ட ரெண்டு வரி சொன்னாலே போதும், டயகிராம் வந்து நிக்குது. ஆனா பெரும்பாலான நேரம் அந்த ஏஐ அதுல ஒரு கோடு கூட வரையறதில்ல. அது எழுத மட்டும்தான் செய்யுது.

அது எழுதுறது பெரும்பாலும் மெர்மெய்ட்னு ஒரு சின்ன மொழியில. 2014ல க்னூட் ஸ்வெய்ட்க்விஸ்ட்ங்கிறவர் ஆரம்பிச்சது, 2022லருந்து ப்ரோக்ராமர்கள் கோட வெச்சுக்குற கிட்ஹப் தளத்துலயே நேரா படமா தெரியுது. "அ --> ஆ"ன்னு எழுதினா அ-ங்கிற பெட்டியிலருந்து ஆ-வுக்கு ஒரு அம்பு, அடிப்படை இலக்கணம் அவ்ளோதான். அடுத்தடுத்து என்ன வார்த்தை வரும்னு கணிச்சு எழுதுறதுதான் மொழி மாடலோட வேலைங்கிறதால இது அதுக்கு ரொம்ப தோதா அமைஞ்சிடுது, பெட்டி எந்த இடத்துல உக்காரணும்னு அது யோசிக்கவே வேண்டாம்.

அந்த இடத்த முடிவு பண்றது லேஅவுட் எஞ்சின்னு ஒரு தனி ப்ரோக்ராம், இதுல ஏஐயே கிடையாது. இதோட அடிப்படை 1981ல ஜப்பான்ல சுகியாமா, தகாவா, தோதா மூணு பேரும் சொன்ன முறை. பாஸ்வேர்டு தப்புன்னா திரும்ப அதே ஸ்க்ரீனுக்கு போற மாதிரி சுத்துற அம்பு ஏதாவது இருந்தா முதல்ல அத தற்காலிகமா திருப்பி வெச்சுக்கும், அப்பதான் எது மேல எது கீழன்னு வரிசை கிடைக்கும். அப்புறம் பெட்டிகள அடுக்கடுக்கா பிரிக்கும். அடுத்ததுதான் கஷ்டமான கட்டம், கோடுங்க ஒண்ண ஒண்ணு வெட்டாம பாத்துக்கணும். வெட்டுற இடங்கள சாத்தியமான அளவுக்கு மிகக் குறைவா கொண்டுவர்றது கம்ப்யூட்டருக்கே ரொம்ப கடினமான வகை கணக்குன்னு 1983ல கேரி, ஜான்சன் நிரூபிச்சிட்டாங்க. அதனால எஞ்சின் ஒரு குறுக்குவழி எடுக்குது: ஒரு பெட்டி மேல் அடுக்குல யார் யாரோட இணைஞ்சிருக்கோ அவங்க இருக்குற இடத்தோட சராசரிய பாத்து அதுக்கு நேரா அத நகர்த்துது, இத மேலயும் கீழயும் சில தடவை ஓட்டினாலே படம் நல்லா தெளிஞ்சிடும். கடைசியா திருப்பி வெச்ச அம்ப பழையபடி ஆக்கிட்டு கோடு போடும்.

இத இவ்ளோ விரிவா சொல்ல காரணம் இருக்கு. படம் அழகா இருக்குறதுக்கு காரணம் லேஅவுட் எஞ்சின், ஃப்ளோ சரியா இருக்குதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. தப்பான ஃப்ளோவையும் அது அதே அழகோடதான் அடுக்கி குடுக்கும்.

யூபிஐல கடைக்காரருக்கு பணம் அனுப்புற ஃப்ளோவ கேட்டு பாருங்க. க்யூஆர் ஸ்கேன், தொகை, பின் நம்பர், அப்புறம் ரெண்டு கிளை: பணம் போயிடுச்சு, போகல. போகலன்னா "திரும்ப முயற்சி பண்ணு". பாக்க முழுசா இருக்கும். ஆனா மூணாவதா ஒரு நிலை இருக்கே, நம்ம கணக்குல பணம் கழிஞ்சிடுச்சு, கடைக்காரருக்கு வந்ததா தகவல் வரல, ஸ்க்ரீன்ல பெண்டிங்னு நிக்குது. அங்க கொண்டுபோய் "திரும்ப முயற்சி பண்ணு"ன்னு பட்டன் வெச்சா ஆளு ரெண்டு தடவை பணம் கட்டிடுவாரு. இந்த நிலைக்காகவே ரிசர்வ் வங்கி 2019ல விதி போட்டிருக்கு: கடைக்கு அனுப்பின பணம்னா பரிவர்த்தனை நாளுக்கு அப்புறம் 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அப்ப ஃப்ளோல "காத்திரு", "நிலைய பாரு", "புகார் குடு"ன்னு பெட்டிங்க இருந்தே ஆகணும். மாடல் படிச்ச உதாரணங்கள்ல நல்லபடியா முடியுற பாதைதான் அதிகம், அதனால சும்மா கேட்டா அதத்தான் எழுதும்.

அதனால ஒரே வரியில கேக்காதீங்க. முதல்ல டயகிராமே வேண்டாம், ஒவ்வொரு ஸ்க்ரீன்லயும் நெட் போனா, பேக் பட்டன் அழுத்தினா, சர்வர் பதிலே சொல்லலன்னா என்ன ஆகும்னு வார்த்தையில எழுத சொல்லுங்க, அத நீங்க படிச்சு திருத்தினதுக்கு அப்புறம் மெர்மெய்டா மாத்த சொல்லுங்க. எல்லாம் எழுத்தாவே இருக்குறதால சோதிக்கவும் சுலபம்: வெளிய போற அம்பே இல்லாத பெட்டி எது, ஒரே ஒரு வழி மட்டும் இருக்குற முடிவெடுக்கும் கட்டம் எது, ஆரம்பத்துலருந்து போய் சேரவே முடியாத ஸ்க்ரீன் எதுன்னு ஒரு குட்டி ப்ரோக்ராமே கண்டுபிடிச்சிடும். படம் வராம எரர் அடிச்சா பயப்பட வேண்டாம், பல நேரம் பெட்டிக்குள்ள இருக்குற எழுத்துல அடைப்புக்குறி வந்திருக்கும், அப்படின்னா அந்த எழுத்த மேற்கோள் குறிக்குள்ள போட்டா சரியாயிடும்.

அதுக்கு அப்புறம் சப்போர்ட் டீமுக்கு வந்த பழைய புகார்கள எடுங்க, பேரு போன் நம்பர் எல்லாத்தையும் நீக்கிட்டு ஏஐகிட்ட குடுத்து ஒவ்வொண்ணும் டயகிராம்ல எந்த பெட்டியில நடந்ததுன்னு கேளுங்க. எந்த பெட்டியிலயும் பொருந்தாம ஒரு புகார் நின்னுச்சுன்னா, விட்டுப்போன கிளை அதுதான்.